மொட்டைமாடியில் டிஷ் மாட்ட ஆள் வருகிறாரா? படம் தெரிந்ததும் அனுப்பிவிடாதீர்கள்!

"மழை தூறினாலே டிவி போயிடுது." டிடிஎச் இணைப்பு இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஊரில் இருக்கும் அம்மா ஃபோனில் சொல்வார், நாமும் "மழைன்னா அப்படித்தான்மா" என்று சமாதானம் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

கொட்டும் மழையில் சில நிமிடங்கள் போனால் அது மழையின் குற்றம்தான். ஆனால் தூறலுக்கே போகிறது என்றால், பெரும்பாலும் பிரச்சினை வானத்தில் இல்லை, மொட்டைமாடியில் இருக்கிறது. டிஷ் மாட்டிய அன்று யாரோ அவசரமாகத் திருகிவிட்டுப் போன ஒரு போல்ட், வெயிலில் வெடித்த ஒரு கேபிள், தண்ணீர் இறங்கிய ஒரு கனெக்டர் என்று காரணம் சின்னதாகவே இருக்கும்.

இன்ஸ்டலேஷன் என்பது வீட்டில் ஒரே ஒரு முறை, அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நடக்கும் வேலை. அதன் பலனையோ பாதிப்பையோ வருடக்கணக்கில் அனுபவிக்கப் போவது வீட்டில் இருப்பவர்கள். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது, நாம் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்: ஆன்டெனாவா, டிஷ்ஷா?

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அன்று முதல் பல ஆண்டுகளுக்கு டிவி வைத்திருக்கும் வீட்டின் அடையாளமே மாடியில் நிற்கும் அலுமினியக் கம்பி ஆன்டெனாதான். ஒருவர் மேலே நின்று திருப்ப, இன்னொருவர் கீழே இருந்து "இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே விடு" என்று கத்துவார். தென் மாவட்டக் கடலோர ஊர்களில், 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிப்பதற்காகவே உயரமான கம்பம் நட்டவர்கள் உண்டு.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களைப் படிப்படியாக நிறுத்தியது. எல்லைப்பகுதி போன்ற சில இடங்களைத் தவிர மற்றவை மூடப்பட்டுவிட்டன. தனியார் சேனல்களுக்கு இந்தியாவில் தரைவழி ஒளிபரப்பு அனுமதியே கிடையாது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், "டிஜிட்டல் ஆன்டெனா, மாதக் கட்டணமே இல்லாமல் நூற்றுக்கணக்கான சேனல்கள்" என்று ஆன்லைனில் விற்கப்படும் தட்டையான பொருட்களை நம்பிப் பலர் வாங்குகிறார்கள். வெளிநாட்டில், தரைவழியில் பல சேனல்கள் வரும் ஊர்களுக்குச் செய்யப்பட்டவை அவை. அதை இங்கே ஜன்னலில் ஒட்டினால் உங்கள் வீட்டில் சீரியல் வராது.

இங்கே மாதச் சந்தா இல்லாமல் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு வழி டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. டிஷ், பாக்ஸ் இரண்டையும் ஒரு முறை கடையில் வாங்கி மாட்டினால் போதும். ஆனால் எல்லாத் தனியார் தமிழ் சேனல்களும் இதில் வராது. வீட்டில் எந்த சேனலைப் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஃப்ரீ டிஷ்ஷோ, சந்தா கட்டும் டிடிஎச் சேவையோ, இரண்டுக்கும் மாடியில் ஏற வேண்டியது டிஷ்தான்.

டிஷ் எங்கே பார்க்கிறது?

டிவி சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், நம் கண்ணுக்கு வானில் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அதனால்தான் டிஷ்ஷை ஒரு முறை சரியாக வைத்துவிட்டால் பிறகு தொடவே தேவையில்லை.

செயற்கைக்கோளும் அது நிற்கும் இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். உதாரணத்துக்கு, டாடா பிளே 83 டிகிரி கிழக்கு, டிடி ஃப்ரீ டிஷ் 93.5, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108.2. சென்னையில் நின்று பார்த்தால் ஃப்ரீ டிஷ் செயற்கைக்கோள் தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கும். டாடா பிளே ஏறக்குறைய நேர் தெற்கில், இன்னும் உயரத்தில். ஏர்டெல் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து, சுமார் 54 டிகிரியில். மதுரை, கோவை என்று ஊர் மாறினால் இந்தக் கணக்கு சில டிகிரி மாறும்.

"என்னது, 68 டிகிரியா? எங்க வீட்டு டிஷ் அவ்வளவு அண்ணாந்து பார்க்கலையே" என்று தோன்றலாம். நாம் மாட்டுவது ஆஃப்செட் வகை டிஷ். அதன் முகம் இருக்கும் சாய்வைவிட சுமார் 25 டிகிரி மேலேயிருந்து வரும் சிக்னலைத்தான் அது பிடிக்கும். அதனால் பார்வைக்குத் தாழ்வாகப் பார்ப்பது போலத் தெரியும்.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால், பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தாலே டிஷ் வேலை செய்யாது என்று பயப்பட வேண்டியதில்லை. சென்னையில் ஃப்ரீ டிஷ்ஷுக்கு, டிஷ்ஷைவிடப் பத்தடி உயரமான சுவர் எதிரே இருந்தால் நான்கைந்து அடி தள்ளி வைத்தாலே தப்பித்துவிடலாம். ஏர்டெல் என்றால் ஏழெட்டு அடி தேவைப்படும். ஆனால் மரம் வளரும் என்பதை மறந்துவிடாதீர்கள். இன்று இடுப்பளவு இருக்கும் முருங்கை இரண்டு வருடத்தில் டிஷ்ஷுக்கு முன்னால் நிற்கும்.

படம் வந்தால் வேலை முடிந்ததா?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பழைய ஆன்டெனாவில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், குறை கண்ணுக்கே தெரிந்துவிடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. தேவையான அளவைவிட ஒரு துளி அதிகம் இருந்தாலும் படம் பளிச்சென்று இருக்கும். அந்த அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, மொத்தமாக நின்றுவிடும். அதாவது, வெயில் அடிக்கும் மதியத்தில் மாட்டும்போது நன்றாக மாட்டிய டிஷ்ஷும் சுமாராக மாட்டிய டிஷ்ஷும் ஒரே படத்தைத்தான் காட்டும். மழை வரும்போதுதான் எது எது என்று தெரியும்.

டிடிஎச் சேவைகள் பயன்படுத்துவது கேயு பேண்ட் அலைகள். மழைத்துளிகள் இவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனமாக்கிவிடும். கேபிள் டிவி ஆபரேட்டர்கள் பெரிய டிஷ் வைத்துப் பெரும்பாலும் சி பேண்டில் சிக்னல் எடுப்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நம் வீட்டு 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு மழையைத் தாங்க ஒரே வழி, சிக்னலைக் கொஞ்சம் கூடுதலாகச் சேமிப்பில் வைத்திருப்பதுதான். அந்தச் சேமிப்பு கிடைப்பது துல்லியமாகத் திருப்பி வைப்பதில்.

இந்த அளவு டிஷ் ஒன்றரை டிகிரி விலகினாலே கிடைக்கும் சிக்னல் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாடியில் ஒரு டிகிரி என்பது விரல் நுனி அசைவு. செயற்கைக்கோள் இருக்கும் தூரத்தில் அது 600 கிலோமீட்டருக்கும் மேல். இன்னொன்று, 93.5-க்கும் 95-க்கும் நடுவே இருப்பதே ஒன்றரை டிகிரிதான். அவசரமாகத் திருப்பினால் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்துவிட்டு, "சிக்னல் காட்டுது, சேனல் வரலையே" என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

ஆகவே டெக்னீஷியன் "படம் வந்துருச்சு சார்" என்று சொன்னதும் ஒரு காரியம் செய்யுங்கள். ரிமோட்டில் மெனுவுக்குப் போய் சிக்னல் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு பட்டைகள் இருக்கும்: ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் நிறையக் காட்டினாலும் குவாலிட்டி குறைவாக இருக்கலாம். நமக்கு முக்கியம் குவாலிட்டி. "இதை இன்னும் ஏத்த முடியுமா அண்ணா?" என்று கேளுங்கள். டிஷ்ஷை இடம் வலம், மேல் கீழ் என்று லேசாக நகர்த்தி, எல்என்பி-யைச் சற்றே சுழற்றி, எந்தப் பக்கம் போனாலும் எண் குறைகிறது என்ற உச்சத்தில் போல்ட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகும் எண்ணை ஒரு முறை பார்க்க வேண்டும். இறுக்கும்போதுதான் பல டிஷ்கள் விலகுகின்றன. கடைசியில் அந்தத் திரையை மொபைலில் ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து பிரச்சினை வந்தால், என்ன மாறியது என்று ஒப்பிட அது ஒன்று போதும்.

எங்கே, எப்படி மாட்ட வேண்டும்?

டிஷ் சிக்னலை மட்டும் அல்ல, காற்றையும் பிடிக்கும். 2016 டிசம்பர் 12-ல் சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயல் போல 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும்போது, 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றின் மீது இருபது கிலோ எடை தொங்குவது போன்ற இழுவிசை விழும். புயலில் பிடுங்கிக்கொண்டு பறக்கும் டிஷ் தெருவில் போகும் ஒருவரின் தலையில் விழலாம்.

ஆகவே நல்ல கான்கிரீட்டில் அல்லது உறுதியான சுவரில், ஆங்கர் போல்ட் போட்டு, அடித்தட்டின் எல்லா ஓட்டைகளிலும் போல்ட் இறக்கி மாட்ட வேண்டும். நான்கு ஓட்டையில் இரண்டுக்கு மட்டும் போல்ட் போட்டுவிட்டு நகர்வது சகஜம், எண்ணிப் பாருங்கள். மொட்டைமாடித் தரையில் துளை போடுவதைவிடச் சுவரில் போடுவது நல்லது. தரையில் போட்ட துளை வழியே மழைநீர் இறங்கி, கீழே சீலிங்கில் ஈரம் கோத்துக்கொள்ளும். தரையில்தான் போட வேண்டும் என்றால் துளையைச் சுற்றி சீலன்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் துளையே போடாமல், கான்கிரீட் கல்லில் ஸ்டாண்டைப் பொருத்தி வைப்பார்கள். அது அசையாத எடையில் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும், துருப்பிடித்த கைப்பிடிக் கம்பியிலும் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

கேபிளில் கஞ்சத்தனம் கூடாது

டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வருவது ஆர்ஜி-6 எனப்படும் கோஆக்சியல் கேபிள். இதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, நடுவில் ஒட்டு இருக்கக்கூடாது. டிஷ் முதல் பாக்ஸ் வரை ஒரே நீளக் கேபிள்தான் நல்லது. ஒவ்வொரு ஒட்டும் சிக்னலைத் தின்னும், தண்ணீரையும் உள்ளே விடும்.

இரண்டு, எல்என்பி-யில் மாட்டும் இடத்தில் ரப்பர் மூடியோ, நீர் புகாத டேப்போ இருக்க வேண்டும். பல வீடுகளில் சில மாதங்கள் கழித்து வரும் தொல்லைக்கு இந்தக் கனெக்டரில் பிடித்த துருவே காரணம்.

மூன்று, கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும். அப்போதுதான் கேபிள் வழியே வழியும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. துளையும் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும்.

நான்கு, கேபிளைக் கூர்மையாக மடக்கக் கூடாது, காற்றில் ஆடும்படி தொங்கவிடவும் கூடாது. கிளிப் அடித்துச் சுவரோடு ஒட்ட வையுங்கள். மின்சார ஒயரோடு சேர்த்துக் கட்டுவது ஆபத்து.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட

டிஷ் மாட்ட வருபவர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞர். ஒரு நாளைக்கு எத்தனை வீடு முடிக்கிறாரோ அதைப் பொறுத்து வருமானம் கிடைப்பவர்கள் இதில் நிறையப் பேர். அதனால்தான் அவசரம். அந்த அவசரத்தில்தான் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நிற்பதும், வெளிப்பக்கமாகச் சாய்ந்து டிரில் போடுவதும் நடக்கின்றன.

உங்களால் செய்ய முடிந்தவை சில உண்டு. மாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று முன்கூட்டியே பார்த்து, அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரும்பு ஸ்டாண்டைத் தூக்கும்போது கம்பியில் பட்டால் அடுத்த நொடி இல்லை. மழை பெய்யும்போதோ இடி இடிக்கும்போதோ வந்தால், "நாளைக்கு வாங்க, பரவாயில்லை" என்று திருப்பி அனுப்புங்கள். கைப்பிடிச் சுவரே இல்லாத மாடி என்றால், விளிம்பிலிருந்து தள்ளி நடுப்பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். டிரில்லுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் கேட்டால் தோல் உரிந்த பழைய ஒயரைக் கொடுக்காதீர்கள். "சீக்கிரம் முடிங்க, எனக்கு மீட்டிங் இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். இடி மின்னல் நெருங்கும் முன்பே பாக்ஸின் பவர் பிளக்கையும், பின்னால் இருக்கும் கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது. பக்கத்தில் மின்னல் விழுந்தால் கேபிள் வழியே பாயும் மின்சாரம் பாக்ஸையும் டிவியையும் சேர்த்துக் கருக்கிவிடும். மின்னல் தொடங்கிய பிறகு போய்த் தொடாதீர்கள்.

காசு விஷயம்: வரம்பு இப்போது இல்லை

2017-ம் ஆண்டு விதிமுறைகளில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இன்ஸ்டலேஷனுக்கு அதிகபட்சம் 350 ரூபாய், ஆக்டிவேஷனுக்கு 100 ரூபாய் என்று வரம்பு வைத்திருந்தது. 2024 ஜூலையில் வந்த திருத்தத்தில் இந்த வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. இன்ஸ்டலேஷன், வீட்டுக்கு வந்து பார்க்கும் சர்வீஸ், வீடு மாறும்போது டிஷ்ஷை மாற்றிக் கொடுப்பது ஆகியவற்றுக்கு நிறுவனங்களே கட்டணம் நிர்ணயித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கட்டணத்தை அவை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

இதன் அர்த்தம், கேட்கும் பொறுப்பு இப்போது நம் கையில். புக் செய்யும்போதே கஸ்டமர் கேரில் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இன்ஸ்டலேஷன் கட்டணம் எவ்வளவு? எத்தனை மீட்டர் கேபிள் அதில் அடக்கம், கூடுதல் மீட்டருக்கு எவ்வளவு? ஸ்டாண்ட், போல்ட் தனிக் காசா? பாக்ஸ் நமக்குச் சொந்தமா, வாடகைக்கா? வாரன்டி எவ்வளவு நாள்? முடிந்தால் எஸ்எம்எஸ் அல்லது வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்கு நீங்கள் இங்கிருந்து புக் செய்கிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். வந்தவர் சொல்லும் தொகையை அவர்கள் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு நிறுவன டெக்னீஷியன் என்று யாரும் கிடையாது. உள்ளூர் டிவி மெக்கானிக்கோ, பாக்ஸ் விற்ற கடைக்காரரோ அனுப்பும் ஆள்தான் மாட்டுவார். அங்கே கூலியை முன்கூட்டியே பேசி, கடையில் பில் வாங்கி வையுங்கள்.

இன்னொரு சிக்கன வழி: மாடியில் பழைய டிஷ் ஒன்று சும்மா துருப்பிடித்துக்கொண்டிருக்கிறதா? அது வளையாமல், நெளியாமல் இருந்தால் வேறு சேவைக்கும் பயன்படுத்தலாம். திசை மாறும், தேவைப்பட்டால் எல்என்பி மாறும். ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொன்றுக்கு உதவாது, ஆனால் தகடு தகடுதான்.

அபார்ட்மென்ட், வாடகை வீடு என்றால்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. டெக்னீஷியன் வந்து நின்ற பிறகு செக்ரட்டரியைத் தேடி ஓடாமல், முந்தைய நாளே வாட்ஸ்அப் குரூப்பிலோ மெயிலிலோ சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். கேபிள் எந்த டக்ட் வழியே இறங்க வேண்டும் என்றும் கேட்டு வையுங்கள். பால்கனியில் மாட்டலாமா என்றால், அந்த பால்கனி தெற்கு அல்லது தென்கிழக்கைப் பார்க்க வேண்டும், மேல்மாடி பால்கனி மறைக்காமல் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் உயரத்தில் இருப்பதால் மேல்மாடி மறைப்பது இங்கே பெரிய தடை.

வாடகை வீடு என்றால், துளை போடுவதற்கு முன் ஓனரிடம் ஒரு வார்த்தை. காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் வருவதைத் தவிர்க்கலாம்.

டெக்னீஷியன் கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

மாடிக்கு ஏறிப் போய் டிஷ்ஷை லேசாக அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. எல்லா போல்ட்டும் இருக்கிறதா, கனெக்டர் மூடியிருக்கிறதா, துளைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே வந்து ஒரே சேனலை வைத்துக்கொண்டு பார்க்காமல் வெவ்வேறு சேனல்களாக மாற்றிப் பாருங்கள். சில சேனல் வந்து சில வராவிட்டால் கேபிளிலோ எல்என்பி-யிலோ கோளாறு இருக்கலாம். சிக்னல் பக்கத்தை ஃபோட்டோ எடுங்கள். பில்லையும் விண்ணப்பப் படிவத்தின் நகலையும் வாங்குங்கள். இவை எல்லாம் முடியும் வரை ஓடிபியைச் சொல்லாதீர்கள். வேலை முடிந்தது என்பதற்கு உங்கள் கையெழுத்து அதுதான்.

பிறகு பிரச்சினை வந்தால் முதலில் கஸ்டமர் கேரில் புகார் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். தீரவில்லை என்றால் நிறுவனத்தின் நோடல் அதிகாரி. அங்கேயும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் மட்டும் டிவி போய் வந்தால் மட்டும் யாரையும் கூப்பிட வேண்டாம். சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்பதால் வரும் இடைஞ்சல் அது, தானாகச் சரியாகிவிடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், வீட்டு டிவியில் அந்த குவாலிட்டி எண் எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு முறை பாருங்கள். ஊரில் இருக்கும் வீடு என்றால், வீடியோ காலில் அம்மாவை ரிமோட்டை எடுக்கச் சொன்னால் போதும்.